ஒரு சின்ன ஜெனரேற்றர் மீதான விசாரணை

றஜீனா அந்த ஜெனரேற்றரை வாங்கியது தன் கணவன் மூச்சுவிடுவதற்காக. இதை அவள் பிறகு பல பேருக்குப் பல தடவை சொல்ல வேண்டி வந்தது. சொன்ன ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் இரக்கத்தோடு தலையை ஆட்டிவிட்டு, "அது சரி, ஆனால் சத்தம்?" என்று கேட்டார்கள்.

அவளுடைய கணவன் பீற்றர் லண்டன் குட்மேய்ஸில் மினிகாப் டாக்சி ஓட்டுபவர். கழுத்துத் தடித்த, கோபம் வராத மனிதர். படுத்தவுடன் நித்திரையாகிவிடுவார். குறட்டை தொடங்கும், ஏறும், சுவரில் மாட்டியிருக்கும் மாதா படம் அசையும். பிறகு தொண்டை மூடிக்கொள்ள, திடீரென்று எல்லாம் நின்றுபோகும். மற்றப் பெண்கள் புருஷன் குறட்டை விட்டால் விழிப்பார்கள். றஜீனா குறட்டை நின்றால் விழிப்பாள். விழித்து அவரைப் பிடித்து உலுக்குவாள். அவர் ஆழக் கிணற்றிலிருந்து ஏறி வந்தவர்போல ஒரு மூச்சை இழுத்துவிட்டு மறுபடி படுப்பார். காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இராது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

போன மாரிக்காலத்தில் இல்ஃபர்ட் சந்தியொன்றில் சிவப்பு விளக்கு விழுந்த நேரம் பீற்றர் நித்திரையாகிப் போனார். பின்னால் இருந்த பயணிதான் தட்டி எழுப்பினார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன இயந்திரம் கொடுத்தார்கள். குழாய் வழியாகக் காற்றை அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். மூக்கில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான். அன்றிரவு கலியாணம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக இரண்டு பேரும் விடியும்வரை நித்திரை கொண்டார்கள்.

இயந்திரத்துக்குக் கரண்ட் வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. கரண்ட் இல்லாத இடத்தில் இனி அவர்கள் தங்க முடியாது. றஜீனாவுக்கோ ஒரு தடவையாவது புல்வெளியில் கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும் என்று ஆசை.

அந்த ஆசையைக் கிளப்பியது பெரிய லண்டன் தமிழர் கூடார வாழ்வியல் கழகத்தின் அறிவித்தல். 'இயற்கையின் மடியில் மூன்று நாள் பூரண அமைதி' என்று அதில் போட்டிருந்தது.

இந்தக் கழகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடங்கிய காலத்தில் நாலைந்து குடும்பங்கள் கூடாரம் அடித்து, கோழி வாட்டிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பிறகு தலைவர் வந்தார். தலைவர் வந்ததால் செயலாளர் வந்தார். செயலாளர் வந்ததால் அறிக்கை வந்தது. இப்போது இரண்டு உரைகளுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் கூடாரம் அடிக்கிறார்கள். தலைவர் ஆனந்தராஜா, இளைப்பாறிய கணக்காளர், ஒவ்வொரு வருடமும் பதவி விலகப்போவதாக அறிவிப்பார். சபை மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தை வேண்டுகோளாக ஏற்று அவர் தொடர்ந்து பதவியில் இருப்பார்.

றஜீனா யோசித்துத்தான் திட்டம் போட்டாள். ஒரு சின்ன ஜெனரேற்றரைப் பகலில் ஓடவிட்டு ஒரு பெரிய பற்றரியை நிரப்புவது. பொழுதுபட ஜெனரேற்றரை நிற்பாட்டிவிட்டு, இரவு முழுக்க பீற்றரின் இயந்திரத்தைப் பற்றரியில் ஓட்டுவது. கடையில் இருந்தவற்றில் சத்தம் குறைந்ததைக் கேட்டு வாங்கினாள். வீட்டுத் தோட்டத்தில் அதை ஓட்டிப் பார்த்தாள். அதிர்வு நிலத்தில் இறங்காமலிருக்க அடியில் தடித்த றப்பர் பாயொன்றை விரித்தாள். மெதுவாக ஓடுவதற்கு அதில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டதும், பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டி உறுமுகிற அளவுக்குச் சத்தம் அடங்கியது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டி, ஓடுகிறதா என்று கேட்டாள். றஜீனாவுக்குப் பெருமையாக இருந்தது.

கழகம் வாடகைக்கு எடுத்திருந்த புல்வெளி ஹெய்னோல்ட் பக்கம் இருந்தது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் தூரத்தில் நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்கள். நெடுஞ்சாலையின் இரைச்சல் ஓயாமல் கேட்டது. தலைக்கு மேலால் விமானங்கள் வரிசையாக இறங்கின. இவற்றைக் கழகம் இயற்கையின் ஓசைகளாக ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தது.

வாசலில் செம்மஞ்சள் மேலங்கி போட்ட தொண்டர்கள் வாகனங்களை ஒன்றின் பின் ஒன்றாக நெருக்கி நிறுத்தினார்கள். றஜீனாவின் வான் வண்டிக்குப் பின்னால் ஒரு லொறி வந்து குறுக்கே நின்றது. அந்த லொறிதான் மேடை. அதன் ஒரு ஓரத்தில் கறுத்த ஒலிபெருக்கிகள், மறு ஓரத்தில் அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ஜெனரேற்றர். அது ஓடத் தொடங்கியதும் வானின் கண்ணாடிகள் நடுங்கின.

"இஞ்சாருங்கோ, நாங்கள் வெளியில போகவேண்டி வந்தா என்ன செய்யிறது?" என்று றஜீனா கேட்டாள்.

"இப்பதானே வந்தனாங்கள். ஏன் போகவேண்டி வருது?" என்றார் பீற்றர்.

அவள் கூடாரத்துக்கு எட்டத்தில், வேலியோரமாகப் பாயை விரித்து ஜெனரேற்றரை வைத்தாள். புகைவாயை ஆளில்லாத பக்கம் திருப்பினாள். நீள வயரை இழுத்துப் பற்றரியில் கொளுவினாள். பற்றரியின் சின்னப் பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது.

தொடக்க விழாவில் தலைவர் ஆனந்தராஜா மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த கூடார உறவுகளே," என்றார். காட்டிலிருந்து பறவைகள் எழுந்து பறந்தன. "சத்தம் என்றால் என்ன? ஆழமாகச் சிந்தித்துப் பார்த்தால், சத்தம் என்பது மற்றவர்கள் பேசுவது. இந்த லண்டன் மாநகரம் எங்களுக்கு வீடு தந்தது, வேலை தந்தது, பெனிபிட் காசும் தந்தது. அமைதியைத் தந்ததா? இல்லை. அமைதியை நான் தருகிறேன். காலையில் இரண்டு மணித்தியாலம் தருகிறேன். மாலையில் நன்றியுரை முடியும்வரை தருகிறேன்."

அந்த இடத்தில் அவர் நிறுத்தினார். கைதட்டுக்காக விட்ட இடைவெளி அது. கைதட்டு வரவில்லை. பின்வரிசையில் சனம் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் தலைவரின் காதில் ஓர் இரைச்சல் விழுந்தது.

"என்ன அது?" என்று மைக்கிலேயே கேட்டார். "நான் விட்ட இடைவெளியை யாரோ நிரப்புகிறார்கள்."

தொண்டர்கள் காதைச் சாய்த்துக்கொண்டு தேடப் புறப்பட்டார்கள். மேடையைச் சுற்றி வந்தார்கள். பெரிய ஜெனரேற்றருக்குப் பக்கத்தால் காதைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். கடைசியில் வேலியோரத்தில் றஜீனாவின் ஜெனரேற்றரைக் கண்டுபிடித்தார்கள். அதன் அருகில் முழங்காலில் இருந்து, காதை வைத்துக் கேட்டு, ஒருவர் கையை உயர்த்தினார்.

ஒலிக் கட்டுப்பாட்டு உபகுழுவின் தலைவர் நிஷாந்த். கலியாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். சத்தத்தைப் பற்றி அவரைவிட அறிந்தவர் கழகத்தில் இல்லை என்பதால் அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது. அவருடைய வலது காது அந்தத் தொழிலிலேயே போய்விட்டது. இடது காதை றஜீனாவின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"தங்கச்சி, உங்கட சாமான் சத்தம் போடுது."

"உங்கட லொறியில இவ்வளவு பெருசு ஒண்டு ஓடுதே, அண்ணை. அது கேக்கேல்லையே?"

"அது கழகத்தின்ரை. கழகம் போடுறது சத்தமில்லை. அது நிகழ்ச்சி."

றஜீனா விஷயத்தைச் சொன்னாள். பீற்றரின் தொண்டை, ஆஸ்பத்திரி, இயந்திரம், பற்றரி எல்லாவற்றையும் சொன்னாள். பொழுதுபடுவதற்குள் பற்றரி நிரம்பாவிட்டால் இரவில் அவர் மூச்சுத் திணறுவார் என்றாள். நிஷாந்த் உருக்கமாகக் கேட்டார். தன்னுடைய மாமாவுக்கும் அப்படித்தான் என்றார். பிறகு, பரிசோதனை செய்து சத்தமின்மைச் சான்றிதழ் கொடுக்கும்வரை ஜெனரேற்றர் ஓடக்கூடாது என்றார்.

பரிசோதனை மதியத்துக்குப் பிறகு தொடங்கியது. நிஷாந்த் சத்தம் அளக்கும் மீற்றரோடு வந்து ஜெனரேற்றருக்கு முன்னால் நின்றார். செயலாளர் செல்வமலர் மேடையிலிருந்து அறிவித்தா: "பரிசோதனை நடைபெறுவதால் அனைவரும் அமைதி காக்கவும். மீண்டும் சொல்கிறேன், அனைவரும் அமைதி காக்கவும்." ஒவ்வொரு தடவை அவ அமைதி கேட்டபோதும் மீற்றரின் ஊசி உச்சிக்குப் போனது. நிஷாந்த் அந்த உச்சியை எழுதிக்கொண்டார்.

"அது அவவின்ரை குரல், அண்ணை," என்றாள் றஜீனா.

"மீற்றர் ஆளைப் பாக்காது, தங்கச்சி. அதுதான் மீற்றரின்ரை நேர்மை."

இன்னும் சத்தத்தைக் குறைத்தால் மறுபரிசோதனை கேட்கலாம் என்றார். ஜெனரேற்றரைக் கூடாரத்துக்குள் வைத்து நாலு பக்கமும் இழுத்து மூடினால் நல்லது என்று ஆலோசனையும் சொன்னார். புகை உள்ளே நின்றால் ஆள் செத்துப்போகும் என்றாள் றஜீனா. 'ஒத்துழைக்க மறுத்தார்' என்று அவர் குறித்துக்கொண்டார்.

அவள் சும்மா இருக்கவில்லை. வானில் கட்டிலுக்காகக் கொண்டுவந்த பலகைகளைக் கழற்றினாள். மெத்தையை வெட்டிப் பலகைகளில் கட்டி, காற்றும் புகையும் போக மேல்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திறந்து விட்டு, ஜெனரேற்றருக்கும் கூடாரங்களுக்கும் நடுவில் சாய்த்து நிறுத்தினாள். பீற்றர் பிடித்துக் கொடுத்தார். பிறகு பொத்தானை அழுத்தினாள். வேலியில் ஒரு அணில் வந்து இருந்துவிட்டுப் போனது.

நிஷாந்த் மீற்றரை நீட்டினார். ஊசி அசையவில்லை. இந்தத் தடவை செல்வமலர் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததால் அறிவித்தலும் இல்லை.

"ஓடுதா?"

"ஓடுது."

அவர் பலகைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அவருடைய முகம் வாடிப்போனது.

"கேக்கேல்லையே, தங்கச்சி."

"அதுதானே அண்ணை வேணும்."

"கேக்காத சத்தத்தை நான் என்னெண்டு அளக்கிறது? அளக்காமல், குறைவெண்டு என்னெண்டு எழுதுறது? நாளைக்கு ஒருத்தன் வந்து, நீ என்னத்தை அளந்தனி எண்டு கேட்டா?"

ஆகவே அளக்கக்கூடியதாகச் சத்தம் வரும்வரை பலகைகளை எடுக்கச் சொன்னார். எடுத்தும் போதவில்லை. மெதுவாக ஓடும் சுவிட்சை நிற்பாட்டச் சொன்னார். றப்பர் பாயையும் இழுக்கச் சொன்னார். ஜெனரேற்றர் வெறும் நிலத்தில் துள்ளித் துள்ளி அலறியது. "இப்ப வடிவாக் கேக்குது," என்று நிஷாந்த் திருப்தியோடு எழுதினார். சத்தம் கூடிய காரணத்தால் சான்றிதழ் மறுக்கப்பட்டது. செம்மஞ்சள் நாடாவால் ஜெனரேற்றரைக் கட்டி முடிச்சில் முத்திரை வைத்தார்கள்.

பற்றரி கால்வாசிதான் நிரம்பியிருந்தது.

றஜீனா தலைவரிடம் போனாள். "அப்ப நாங்கள் வீட்டை போறம், அண்ணை. அந்த லொறியைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்கோ."

ஆனந்தராஜா அவளை அன்போடு பார்த்தார். "தங்கச்சி, விசாரணை முடியாமல் குற்றம் சாட்டப்பட்டவர் போக ஏலாது. போனால் நாங்கள் ஆரை விசாரிக்கிறது? லொறியும் எடுக்க ஏலாது. அது மேடை. நிகழ்ச்சி நேரத்தில வாகனம் ஸ்ரார்ட் பண்ணவும் ஏலாது. காரின்ரை டிக்கியைத் திறந்து மூடினாலே சத்தம் எண்டு போன வருசம்தான் நான் சட்டம் கொண்டுவந்தனான்."

"நிகழ்ச்சி எப்ப முடியும்?"

"ஞாயிற்றுக்கிழமை."

வாசலுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. றஜீனா பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் தன் தம்பி றஜீவனுக்குப் போன் பண்ணினாள். அவன் காரை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று ஹோர்ன் அடித்தான். தொண்டர்கள் உடனே அவனை உள்ளே அழைத்துப் போனார்கள். நெடுநேரம் அவனைக் காணவில்லை. பொழுது சாயும்போது செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் அவளுடைய கூடாரத்துக்கு முன்னால் வந்து, உதட்டில் விரலை வைத்து, மெதுவாகக் கதைக்கும்படி சைகை காட்டினான். அது றஜீவன்.

"என்னடா இது?"

"தொண்டரா இருக்கிறியா, இல்லாட்டி ஹோர்ன் அடிச்சதுக்கு விசாரணைக்கு வாறியா எண்டு கேட்டவங்கள், அக்கா. நான் இதைப் போட்டிட்டன்."

அன்றிரவு நடந்ததை விடிந்தபின் எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பற்றரி நடுச்சாமத்துக்கு முன்னமே செத்துப்போனது. பீற்றரின் தொண்டை தன் வேலையைத் தொடங்கியது. வீட்டில் நாலு சுவர்கள் தாங்கிய குறட்டையை இங்கே ஒரு துணிதான் தாங்க வேண்டியிருந்தது. அது தாங்கவில்லை. காட்டு ஓரத்தில் மாடு புகுந்துவிட்டது என்று ஒருவர் தடியோடு வெளியே வந்தார். றஜீனா பீற்றருடைய மார்பில் கையை வைத்தபடி விடியும்வரை இருந்தாள். மூச்சு நின்ற ஒவ்வொரு தடவையும் உலுக்கினாள். விடிந்தபோது பீற்றரின் கண்கள் சிவந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. 

காலையில் அவசரப் பொதுக்கூட்டம் கூடியது. செல்வமலர் முறைப்பாடுகளை வாசித்து முடிக்கும்போது தோசை ஆறிப்போயிருந்தது. தலைவர் எழுந்தார்.

"உறவுகளே, ஜெனரேற்றரை நாங்கள் கட்டி முத்திரை வைத்தோம். வைத்த பிறகு சத்தம் குறைந்ததா? கூடியது. இதிலிருந்து என்ன தெரிகிறது? சத்தம் அந்த இயந்திரத்தில் இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் இருக்கிறது."

இந்தத் தடவை கைதட்டினார்கள்.

றஜீனா எழுந்து நின்றாள். இரவு முழுக்க விழித்திருந்ததால் அவளுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. "பகலில அந்தச் சின்னச் சத்தத்தை விட்டிருந்தா, இரவில இந்தப் பெரிய சத்தம் வந்திராது. இதைத்தானே நான் நேற்று முழுக்கச் சொன்னனான்."

ஆனந்தராஜா சிறிது நேரம் யோசித்தார். "தங்கச்சி சொல்லுறதில நியாயம் இருக்கு. ஆனால் நியாயத்துக்கு எங்களிட்ட உபகுழு இல்லை. ஒலிக்குத்தான் இருக்கு."

ஒலி உபகுழு உடனே கூடி, பீற்றரை அளப்பது என்று தீர்மானித்தது. அவர் மதியம் மேடையில் எல்லோருக்கும் முன்னால் நித்திரை கொள்ள வேண்டும். வாய்க்கருகில் மைக் வைக்கப்படும், மீற்றர் பிடிக்கப்படும். அதன் பிறகு ஜெனரேற்றரின் கட்டை அவிழ்ப்பதைப் பற்றி ஆலோசிக்கப்படும்.

"இவையள் உங்களை என்ன வேடிக்கைப் பொருளெண்டு நினைச்சவையே? நாங்கள் நடந்தெண்டாலும் போவம், எழும்புங்கோ," என்றாள் றஜீனா.

பீற்றர் கண்ணைக் கசக்கினார். "எங்க நடக்கிறது? வேலி ஏற என்னால ஏலாது. நித்திரை கொள்ளத்தானே சொல்லுறாங்கள். நானும் அதுக்குத்தானே இஞ்ச வந்தனான். நீர் பக்கத்தில இரும்."

இயந்திரம் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளும் மேடையில் ஏறினாள். சாட்சிக்கு மேடையில் இருக்க அனுமதி உண்டு என்று செல்வமலர் சொன்னா. சாட்சி இடையில் எழுந்து போக அனுமதி இல்லை என்றும் சொன்னா.

மேடையில் ஒரு மடிப்புக் கட்டில் போட்டார்கள். பீற்றர் மல்லாந்து படுத்தார். இருநூறு கண்கள் அவரைப் பார்த்தன. அவ்வளவு களைப்பிலும் அவருக்கு நித்திரை வரவில்லை. நிஷாந்த் ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் போட்டார். அது அவர் கலியாணங்களுக்குப் போடுவது என்பதால், சனம் பந்தி வைப்பதாக நினைத்து எழும்பியது. அதை நிற்பாட்டினார். கடைசியில், நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தலைவர் ஆனந்தராஜா இரண்டு வார்த்தை பேச முன்வந்தார்.

"இக்கழகத்தின் தோற்றமும் வளர்ச்சியும்," என்று தொடங்கினார்.

அவர் தோற்றத்தை முடித்து வளர்ச்சிக்கு வருமுன்னர் பீற்றர் நித்திரையாகிவிட்டார்.

குறட்டை மைக்கில் ஏறி, ஒலிபெருக்கிகளில் இறங்கி, வெளியெங்கும் பரவியது. கதிரைகள் அதிர்ந்தன. நிஷாந்த் ஊசியைப் பார்த்து, தொழில்முறையில் மரியாதையோடு தலையை ஆட்டினார். தலைவர் குரலை உயர்த்தினார். குறட்டையும் உயர்ந்தது. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின.

பிறகு குறட்டை நின்றது.

ஒலிபெருக்கிகளில் ஒன்றும் கேட்கவில்லை. தலைவரும் பேச்சை நிறுத்தினார். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. மீற்றரின் ஊசி சரிந்து கீழே வந்து படுத்துக்கொண்டது.

ஆனந்தராஜாவின் முகம் மலர்ந்தது. கையை மெல்ல உயர்த்தி, மைக்கில் கிசுகிசுத்தார். "பாருங்கள், உறவுகளே. கேளுங்கள். இதுதான் நான் உங்களுக்குத் தருவதாகச் சொன்ன அமைதி. கழகத்தின் வரலாற்றில் இப்படியொரு அமைதியை நாம் கண்டதில்லை."

அந்த அமைதி எதனால் ஆனது என்று அங்கே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். பீற்றரின் மார்பு எழும்ப எழும்ப முயன்று, காற்றுக் கிடைக்காமல் விழுந்துகொண்டிருந்தது. உதடுகள் நீலமாகத் தொடங்கியிருந்தன. றஜீனா அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் எழும்பவில்லை. இரவெல்லாம் நித்திரை இல்லாத உடம்பு ஆழத்துக்குப் போயிருந்தது.

"தங்கச்சி, பரிசோதனை நடக்குது, தொடாதேங்கோ," என்றார் நிஷாந்த்.

அவள் பீற்றரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அந்த அறை ஒலிபெருக்கியில் வெடிபோலக் கேட்டது. அதைத் தொடர்ந்து பீற்றர் இழுத்த மூச்சு கேட்டது. நீளமான, கிழிந்த, பசித்த மூச்சு. புல்வெளியில் இருந்த அத்தனை பேரும் தங்களை அறியாமல் தாங்களும் ஒரு மூச்சை இழுத்தார்கள். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவர் ஆனந்தராஜா இரு கைகளையும் கூப்பி, குனிந்து, அதை ஏற்றுக்கொண்டார்.

றஜீனா அழவில்லை. பையைத் திறந்து இயந்திரத்தை எடுத்தாள். மேடையின் ஓரத்துக்குப் போய், பெரிய ஜெனரேற்றரிலிருந்து ஒலிபெருக்கிகளுக்குப் போன தடித்த ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தாள். அந்த இடத்தில் பீற்றரின் ப்ளக்கைக் குத்தினாள். மாஸ்க்கை அவருடைய முகத்தில் கட்டி, வார்களை இறுக்கினாள். இயந்திரம் மெல்லச் சீறியது. பீற்றர் ஒரு பக்கம் திரும்பி, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் நித்திரை கொண்டார்.

தலைவரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. தன் குரல் வெளியே வரவில்லை என்பதை அவர் சற்றுப் பிந்தித்தான் கவனித்தார்.

"மைக்குக்குக் கரண்டைக் குடுங்கோ, தங்கச்சி," என்றார்.

"தரமாட்டன்."

"இது மேடை."

"இப்ப இது அவரின்ரை படுக்கை."

றஜீனா பிடுங்கி எறிந்த ப்ளக்கை நிஷாந்த் கையில் எடுத்து, அடிபட்ட பறவையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மைக் இல்லாத இடத்தில எனக்கென்ன வேலை?" என்று சொல்லி, அங்கேயே பதவி விலகினார்.

உபகுழுவுக்குத் தலைவர் இல்லாமல் கழகம் ஒரு மணித்தியாலமும் இயங்க முடியாது என்பது அதன் யாப்பு விதி. செல்வமலர் றஜீனாவின் பெயரை முன்மொழிந்தா. இரவெல்லாம் மேலங்கியோடு காவல் நின்ற றஜீவன், அக்காவின் முகத்தைப் பார்க்காமல், வழிமொழிந்தான். மைக் இல்லாததால் எதிர்ப்பு எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பீற்றருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் எழும்பாததால், அதை ஒரு போர்வையாக இழுத்து விட்டார்கள்.

"இனி நாங்கள் போகலாமோ?" என்று றஜீனா கேட்டாள்.

செல்வமலர் வருத்தத்தோடு சொன்னா. "குற்றவாளி எண்டா ஒருவேளை விட்டிருப்பம். சாட்சியையும் ஒரு மாதிரி அனுப்பலாம். உபகுழுத் தலைவி நன்றியுரைக்கு முதல் போறது எப்பிடி, றஜீனா?"

றஜீனா மேடையிலிருந்து இறங்கினாள். வேலியோரத்துக்குப் போய் தன்னுடைய ஜெனரேற்றரின் நாடாவை அவிழ்த்தாள். பாயை விரித்து, பலகைகளைச் சாய்த்து, அதை ஓடவிட்டுப் பற்றரியைக் கொளுவினாள். யாருக்கும் கேட்கவில்லை. லொறியை எடுக்கும்படி தொண்டர்களுக்குக் கட்டளை போடும் அதிகாரம் இப்போது அவளுக்கு இருந்தது. ஆனால் லொறியை எடுத்தால் பீற்றர் எழும்ப வேண்டியிருக்கும். அவள் மேடைக்குத் திரும்பி, ப்ளக்குக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். மைக் இல்லாத அந்தப் பின்னேரம் சனம் கூட்டம் கூட்டமாக இருந்து கோழி வாட்டியது. சிரிப்புக் கேட்டது. விமானங்கள் இறங்கின.

வெயில் சாயும் நேரம் ஆனந்தராஜா மேடைப் பக்கம் வந்தார். சால்வை இல்லாமல், செருப்போடு வந்தார். பீற்றரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னாடை ஒரே சீராக ஏறி இறங்கியது.

"நல்ல நித்திரை," என்றார்.

"ஓம்."

"மாஸ்க் முகத்தை அரிக்கேல்லையோ இவருக்கு?"

"முதல் கொஞ்ச நாள் அரிச்சது. பிறகு பழகிட்டுது." அப்போதுதான் றஜீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்களுக்குக் கீழே கறுத்த பைகள் தொங்கின. இரவு முழுக்க நித்திரை கொள்ளாத மனிதனின் கண்கள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்களுக்கும் இருக்கோ, அண்ணை?"

அவர் சுற்றிவரப் பார்த்தார். "மெசின் கார் டிக்கியில கிடக்கு. ஒவ்வொரு வருசமும் கொண்டு வாறனான். ஒருக்காலும் வெளியில எடுக்கேல்லை. தலைவர் மூஞ்சியில குழாயோட படுக்கிறதை ஆர் பாக்கிறது? மூண்டு நாளும் முழிச்சிருந்திட்டு வீட்டை போய்ப் படுப்பன். முழிச்சிருக்கிற நேரத்துக்குத்தான் உரையளைக் கூட்டினனான்." குரலை இன்னும் தாழ்த்தினார். "அதில இன்னொரு ப்ளக் குத்த இடம் இருக்கோ, தங்கச்சி?"

றஜீனா காலை நகர்த்திப் பார்த்தாள். "இருக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ. கட்டிலும் ஒண்டு போடச் சொல்லுறன்."

அவர் அசையவில்லை.

"என்ன?"

"டிக்கி திறக்க ஏலாதே. நிகழ்ச்சி இன்னும் முடியேல்லை."

"நான்தானே இப்ப உபகுழுத் தலைவி. திறவுங்கோ. நான் சொல்லுறன்."

ஆனந்தராஜா வேதனையோடு தலையை ஆட்டினார். "வாயால சொன்னாப் போதாது, தங்கச்சி. எழுத்தில வேணும்."

றஜீனா அவரைப் பார்த்தாள். அவர் பகிடி விடவில்லை. அவள் கைப்பையைத் துழாவினாள். பேனை இல்லை, கண் மை தீட்டும் பென்சில்தான் இருந்தது. பக்கத்தில் கிடந்த காகிதச் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி, 'டிக்கி திறக்கலாம்' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக் கொடுத்தாள்.

தலைவர் தட்டை இரண்டு கைகளாலும் வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தார். பிறகு திருப்பி நீட்டினார்.

"திகதி போடேல்லை," என்றார்.

அவள் திகதியைப் போட்டாள். அவர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, புல்லின் மேல் ஓசைப்படாமல் கார்களை நோக்கி நடந்தார்.